யுபிஎஸ் இருந்தும் சர்வர் ஏன் பாதியில் விழுகிறது?

மண்டபத்தில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்தின் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். யுபிஎஸ் வாங்கி, யுஎஸ்பி கேபிளைச் செருகி, லினக்ஸில் யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் மென்பொருளைப் போட்டாயிற்று. பேட்டரி 100 சதவீதம் என்று திரை காட்டியது. வேலை முடிந்தது என்று எழுந்து வந்துவிட்டேன். கார்த்திகை மழையில் ஓர் இரவு கரண்ட் போய், பேட்டரி தீர்ந்து, சர்வர் அப்படியே அணைந்தது. டேட்டாபேஸ் கெட்டுப்போக, மூன்று நாள் ஏலக் கணக்கைத் துண்டுச் சீட்டுகளிலிருந்து மறுபடி ஏற்றினோம்.

சார்ஜ் அளவைப் படிக்கப் பாஸ்வேர்ட் தேவையில்லை. அதே மென்பொருளில் சர்வரை நிறுத்தும் யுபிஎஸ்மான் நிரலோ பாஸ்வேர்டோடு உள்ளே நுழைய வேண்டும். பாஸ்வேர்டுகளை வைக்கும் யுபிஎஸ்டி.யூசர்ஸ் கோப்பில் ஒன்று, யுபிஎஸ்மான் அமைப்பின் மானிட்டர் வரியில் வேறொன்று என்று எழுதியிருந்தேன். அனுமதி மறுக்கப்பட்டதாக லாகில், அதாவது நிகழ்வுப் பதிவுக் கோப்பில், பதிவாகியிருந்தது. நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

பாஸ்வேர்ட் சரியானாலும், கரண்ட் போனதும் யுபிஎஸ்மான் சர்வரை நிறுத்திவிடாது. பேட்டரியில் ஓடுகிறது, சார்ஜும் குறைந்துவிட்டது என்று யுபிஎஸ் சொன்ன பிறகே நிறுத்தும். பழைய பேட்டரி அதைச் சொல்லும்போது ஒரு நிமிடம்கூட மிச்சமிருக்காது. லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். ஏசி இல்லாத நம்மூர் அறைகளில் இதை மறக்கவே கூடாது. சர்வர் முழுதாக நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று முதலில் அளந்து, அதைவிடத் தாராளமாக நேரம் மிஞ்சும்படி, 'சார்ஜ் குறைந்தது' என்று சொல்லும் சதவீதமான பேட்டரி.சார்ஜ்.லோ எல்லையை உயர்த்துங்கள்.

ஒரே யுபிஎஸ்ஸில் இரண்டு சர்வர் இருந்தால், இடையிலுள்ள நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் அதே யுபிஎஸ்ஸிலிருந்து கரண்ட் கொடுங்கள். யுஎஸ்பி கேபிள் செருகிய முதன்மை சர்வர் 127.0.0.1-இல், அதாவது தனக்குள் மட்டும், கேட்டால் மற்றதற்குச் செய்தி போகாது. லிசன் வரியில் அலுவலக நெட்வொர்க்கில் அந்தச் சர்வருக்குள்ள முகவரியையும் சேர்த்து, போர்ட் 3493-ஐத் திறந்து வையுங்கள்.

இனி, பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று. சர்வர் ஒழுங்காக நின்றுவிட்டது, ஆனால் பேட்டரி தீருமுன் கரண்ட் வந்துவிட்டது. யுபிஎஸ் வெளியீடு ஒரு கணமும் அறுபடாததால், கணினியின் தொடக்க அமைப்பான பயோஸில் 'மின்சாரம் திரும்பினால் இயங்கு' என்று வைத்திருந்தும் சர்வர் எழாது. இராமநாதபுரத்திலிருந்து நான் பஸ் பிடித்துப் போய்த்தான் பட்டனை அமுக்க வேண்டும். சர்வர் நிற்கும் கடைசிக் கட்டத்தில் யுபிஎஸ்ஸையும் அணைக்க பவர்டவுன்ஃபிளாக் அமைப்பு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

உப்புக்காற்று யுஎஸ்பி முனையையும் அரிக்கும். கரண்ட் இருக்கும்போது தொடர்பு அறுந்தால் யுபிஎஸ்மான் எதையும் நிறுத்தாது, எச்சரிக்கை மட்டும் தரும். அந்த எச்சரிக்கை ஒருவர் கைப்பேசிக்கு வரும்படி செய்யுங்கள்.

வாடைக்காற்று தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் எடுத்துக்கொண்டு, முழுச் சோதனையும் செய்து பாருங்கள். அப்போது சுவர்ச் சுவிட்சை அணைத்தால் போதும். பிளக்கைப் பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும்.