மராத்தி நாடகப் பாட்டு கேட்க ஆசையா? பின்னாலிருந்து முன்னால் போங்கள்

மராத்தி நாடகப் பாட்டு எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று விவரம் தெரிந்த யாரிடம் கேட்டாலும் முதலில் பாலகந்தர்வரின் பழைய இசைத்தட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். தப்பில்லை, இந்த இசைக்கு அவர்தான் உச்சம். ஆனால் மொழி தெரியாது, கதை தெரியாது, கொரகொரவென்ற இரைச்சலுக்குள் மூன்று நிமிடம் ஒரு மெல்லிய குரல் வந்து போகிறது, இதில் புதிதாக வருபவருக்கு என்ன பிடிபடும்? அதனால் காலவரிசையைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். 1960களில் தொடங்கி 1880க்குப் போங்கள்.

முதல் நிறுத்தம் 1967இல் மேடையேறிய 'கட்யார் காளஜாத் குஸலீ'. புருஷோத்தம் தார்வேகர் எழுதியது, இசை ஜிதேந்திர அபிஷேகி. பண்டிட்ஜி, கான்சாஹேப் என்று இரண்டு பாடகர்கள், இரண்டு கரானாக்கள் (ஹிந்துஸ்தானி இசையின் பாணிப் பரம்பரைகள்), அவர்களுக்குள் போட்டி, அவ்வளவுதான் கதை. அதில் 'கேயி சந்த் மகரந்த்' என்ற பாட்டு இரண்டு விதமாக வரும். பண்டிட்ஜி பாடுவது நிதானமானது, கான்சாஹேப் பாடுவது தான்கள் (வேகமான ஸ்வரக் கோவைகள்) சரம் சரமாக விழும் வேகமானது. ஒரே சாஹித்யம்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிடுங்கள். மராத்தி ஒரு சொல்கூடத் தெரியாவிட்டாலும் பாட்டே பாத்திரமாக மாறுவது எப்படி என்று காது கண்டுபிடித்துவிடும். கான்சாஹேப்பாக நடித்துப் பாடியவர் வசந்த்ராவ் தேஷ்பாண்டே. 2015இல் இது படமாக வந்தபோது கான்சாஹேப்புக்குக் குரல் கொடுத்தது அவருடைய பேரன் ராகுல் தேஷ்பாண்டே, பண்டிட்ஜியாகப் பாடியதோடு நடித்ததும் நமக்கு நன்றாகத் தெரிந்த சங்கர் மகாதேவன். படத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் வசந்த்ராவின் மூலப் பதிவுக்குப் போனால் சுலபமாக இருக்கும். போனபின் படத்துக்குத் திரும்பத் தோன்றாது என்பது என் கட்சி.

அபிஷேகியின் இன்னொரு நாடகம் 1964இன் 'மத்ஸ்யகந்தா'. ராம்தாஸ் காமத் பாடிய 'தேவாகரசே ஞாத குணாலா'வைத் தேடிக் கேளுங்கள். பழைய நாடகங்களில் பாட்டு வந்தால் கதை உட்கார்ந்துவிடும், அபிஷேகி பாட்டுகளைச் சுருக்கினார், எண்ணிக்கையையும் குறைத்தார். ஆகவே நீளமான ராக விஸ்தாரத்துக்குப் பழகாத காதுக்கு இவர்தான் சரியான வாசல். ஒரு உபரித் தகவல்: அபிஷேகி கோவாவின் மங்கேஷியில் பிறந்தவர், லதா மங்கேஷ்கரின் அப்பா தீனாநாத் பிறந்ததும் அதே ஊர்தான். இந்தப் பாடகர்களில் எத்தனை பேருக்கு வேர் கோவாவில் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

அடுத்து 1942, 'குலவதூ' நாடகம், ஜோத்ஸ்னா போளே பாடிய 'போலா அம்ருத போலா'. மெட்டு மாஸ்டர் கிருஷ்ணராவ், ராகம் பைரவி. (ஹிந்துஸ்தானி பைரவி. நம்முடைய பைரவியை நினைத்துக்கொண்டு கேட்டால் குழம்பும்.) பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்றுப் பாடுவது மராத்தி மேடையில் வழக்கமாகிக்கொண்டிருந்த காலம் அது. இவரோடு ஹீராபாய் பரோடேகரையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதற்கும் முன்னே போனால் தீனாநாத் மங்கேஷ்கர். 'ரணதுந்துபி' நாடகத்தில் வரும் 'பரவஷதா பாஷ தைவே' போதும். அடிமைத்தளையைப் பற்றிய பாட்டு, வெள்ளைக்காரன் ஆட்சியில் மேடையில் பாடப்பட்டது. குரல் எங்கே பாயும், எந்த ஸ்வரத்தில் இறங்கும் என்று யூகிக்கவே முடியாது. 42 வயதுக்குள் வாழ்க்கை முடிந்துவிட்ட மனிதர்.

இப்போது பாலகந்தர்வர். நாராயண் ஸ்ரீபாத் ராஜஹன்ஸ் என்பது இயற்பெயர், 1888இல் பிறந்து 1967இல் மறைந்தவர், நாயகி வேடங்களில் கொடிகட்டிப் பறந்த ஆண். இவரைக் கேட்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், சொச்சம் இருந்தால் அதிகம். மேடையிலோ ரசிகர்கள் 'வன்ஸ் மோர்' என்று கத்தக் கத்த அவர் அதே பாட்டைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு சங்கதியோடு பாடுவார், நாடகம் விடியற்காலை வரை போகும். தபலாவில் அஹ்மத் ஜான் திரக்வா போன்ற மேதை உட்கார்ந்திருந்த கம்பெனி அது. ஆகவே தட்டில் இருப்பதை ஒரு குறிப்பு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டையும் சொல்லை அவர் உச்சரிக்கும் விதத்தையும் அதிலிருந்து பிடித்துக்கொண்டு, பாட்டு விரிவது எப்படி என்பதைப் பிற்காலக் கச்சேரிப் பதிவுகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எந்தப் பாட்டு? 1916இன் 'ஸ்வயம்வர்'. காடில்கர் எழுத்து, பாஸ்கர்புவா பக்லே இசை, ஐம்பதுக்கு மேல் பாட்டுகள், ருக்மிணியாக பாலகந்தர்வர். 'நாத் ஹா மாஜா' யமன் ராகம், அதாவது நம் கல்யாணியின் சாயல். 'ஸ்வகுல தாரக சுதா' பீம்பலாஸ், ஆபேரி கேட்ட காதுக்கு அந்நியமாக இருக்காது. 'மம ஆத்மா கமலா' பிஹாக். மூன்றையும் ஒரே நாளில் கேட்காமல் ஒரு பாட்டை ஒரு வாரம் வைத்துக்கொள்வது நல்லது. இரைச்சல் தாங்கவில்லை என்றால் 2011இல் வந்த 'பாலகந்தர்வ' படத்தில் ஆனந்த் பாட்டே பாடியவற்றைப் பாலமாக வைத்துக்கொள்ளலாம், சுத்தமான ஒலிப்பதிவு.

காடில்கரின் 1911 நாடகமான 'மானாபமான்' பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 1921இல் திலகர் சுயராஜ்ய நிதிக்காக பாலகந்தர்வரும் அவருக்குச் சரிக்குச் சரியாக நின்ற கேசவ்ராவ் போஸலேயும் மும்பையில் சேர்ந்து நடித்தது இந்த நாடகத்தில்தான். இரண்டு போட்டிக் கம்பெனிகளின் முதலாளிகள் ஒரே மேடையில்! அதே ஆண்டு கேசவ்ராவ் இறந்துபோனார்.

கடைசியாக 1880, புனே, அண்ணாசாஹேப் கிர்லோஸ்கரின் 'சங்கீத சாகுந்தல்', இரண்டு ஆண்டு கழித்து 'சௌபத்ர'. கிர்லோஸ்கர் பெல்காம் பக்கத்துக்காரர், கன்னட, கர்நாடக மெட்டுகளை எடுத்தாளத் தயங்காதவர். சாகி, திண்டி போன்ற மராத்திப் பாட்டு வடிவங்கள் அவர் நாடகங்களில் வரும். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? தஞ்சாவூர் மராட்டியர் வழியாக நம் ஹரிகதைக்குள் வந்த அதே சாகி, திண்டிதான். 'சௌபத்ர'வுக்குச் சோட்டா கந்தர்வ் பாடிய 'ப்ரியே பஹா'விலிருந்து தொடங்குங்கள். கிருஷ்ணன் வேடத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள்.

தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் தட்டினால் கிடைப்பது குறைவு, தேவநாகரியில் பாட்டின் முதல் வரியைத் தட்டுங்கள். 'ஆட்வணீத்லீ காணீ' என்ற மராத்தித் தளத்தில் பாடல் வரிகளோடு நாடகம், இசையமைப்பாளர், பாடகர் விவரம் எல்லாம் இருக்கும், பல பாட்டுகளுக்கு ராகமும் போட்டிருப்பார்கள். யார் யாரிடம் எந்தச் சூழ்நிலையில் பாடுகிறார் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், முழு அர்த்தம் பிறகு வரட்டும். கீபோர்டும் ரிதம் பேடும் சேர்த்த தொகுப்புகளைத் தாண்டிப் போய்விடுங்கள். கால்மிதி ஆர்கனும் தபலாவும் இருந்தால் நில்லுங்கள், ஆர்கனின் அந்த நீண்ட இழுப்பு இல்லாமல் இந்தப் பாட்டுகளுக்குப் பாதி மணம் போய்விடும்.

புனே பக்கம் போகும் வேலை இருந்தால் பாலகந்தர்வ ரங்கமந்திர் என்ற நாடக அரங்கில் அந்த வாரம் என்ன நிகழ்ச்சி என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். முழு நாடகமும் நாடகப் பாட்டுக் கச்சேரியும் ஒரே வாரத்தில் இருந்தால் நாடகத்துக்கே போங்கள். கச்சேரி யூட்யூபிலேயே கிடைக்கும்.