ஈ.சி.ஆர். ஓரம் சொகுசு வீடு: மனை பார்ப்பதில் இருந்து குடியேறும் வரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கொண்டுவருவது முகப்புப் படம்தான். ஆளுயரக் கண்ணாடி, நீச்சல் குளம், மாடியில் நின்றால் கடல். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் கடலோரத்தில் ஒரு வீடு நல்ல வீடா என்பதை முடிவு செய்கிற எதுவும் அந்தப் படத்தில் இருக்காது. தூணுக்குள் இருக்கும் கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கிறது, கலவைக்கு ஊற்றிய தண்ணீரில் எவ்வளவு உப்பு, ஜன்னல் திருகு என்ன ரக எஃகு, இவைதான் முடிவு செய்யும். தரைக்குப் போட்ட இத்தாலி மார்பிள் பிடிக்கவில்லை என்றால் பெயர்த்துவிட்டு வேறு போடலாம். உள்ளே துருப்பிடித்த கம்பியை அப்படி மாற்ற முடியாது. அதனால் பட்ஜெட்டில் முதல் பங்கை மறைந்திருப்பதற்கு ஒதுக்குங்கள், மிச்சம் இருப்பதில் அலங்காரம் செய்யுங்கள் என்பதுதான் என் கட்சி.

திருவான்மியூரில் தொடங்கி மாமல்லபுரம் வரையுள்ள பகுதியை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

படி 1: முன்பணம் கொடுப்பதற்கு முன் கடல் எல்லை

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் எந்த மனைக்கும் பார்க்க வேண்டியவை. இங்கே கூடுதலாக ஒன்று உண்டு. சி.ஆர்.இசட். எனப்படும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம். உயர் அலைக் கோட்டில் இருந்து, அதாவது கடல் நீர் ஏறும்போது கரையில் தொடும் உச்ச எல்லையில் இருந்து, நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இது செல்லும்.

இதற்கு 2011-இல் ஒரு அறிவிக்கை, 2019-இல் ஒரு அறிவிக்கை இருக்கின்றன. 2011 அறிவிக்கைப்படி ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதிய கட்டடமே கூடாது. 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகப் பகுதிகளுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் புதிய அறிவிக்கையின்படி வரைபடம் தயாராகி ஒப்புதல் பெற்ற பிறகுதான் அந்தச் சலுகை நடப்புக்கு வரும். 'இப்போது 50 மீட்டர்தான் சார்' என்று தரகர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் கிராமத்துக்கு எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

200 முதல் 500 மீட்டர் வரை தாராளமாகக் கட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அனுமதி, அங்கே ஏற்கெனவே வாழும் மீனவர் குப்பம் போன்ற ஊர்களின் மரபுரிமையையும் வழக்கமான பயன்பாட்டையும் ஒட்டி எழுதப்பட்டது. உயரமும் 9 மீட்டர்தான், அதாவது தரைத்தளமும் ஒரு மாடியும். வெளியில் இருந்து வருகிறவர் வில்லா கட்டுவதற்காக எழுதப்பட்ட விதி அல்ல அது. நகர்ப்பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டுமே கட்டலாம்.

சாலைக்கு மேற்கே மனை பார்ப்பவர்கள் இதெல்லாம் நமக்கு இல்லை என்று இருந்துவிடுவார்கள். பக்கிங்காம் கால்வாயிலும் முட்டுக்காடு கழிமுகத்திலும் அலை ஏறி இறங்குகிறது. அலை ஏறும் நீர்நிலையின் கரைக்கும் சி.ஆர்.இசட். உண்டு. 2011 அறிவிக்கையில் அது 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், எது குறைவோ அது. மாமல்லபுரத்தில் இன்னொரு வேலி: தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு வெளியே 200 மீட்டர் தனி அனுமதி.

நடைமுறை இப்படி: சர்வே எண்ணோடு அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனத்தில் விண்ணப்பித்தால், உங்கள் மனையை உயர் அலைக் கோட்டோடு பொருத்தி 1:4000 அளவில் வரைபடம் தருவார்கள். அது வந்த பிறகு விலை பேசுங்கள். மண்டலத்துக்குள் விழுந்தால், திட்ட அனுமதியோடு கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரையும் வேண்டும். தாமே குடியிருக்க 300 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 3,229 சதுர அடி வரை, கட்டும் வீட்டுக்கு 2019 அறிவிக்கை இந்தப் பரிந்துரையில் இருந்து விலக்குத் தருகிறது. சொகுசு வீடு பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும்.

கொச்சி மரடுவில் இந்த விதியை மீறிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதில் குடியிருந்தவர்கள் பணம் கொடுத்து வாங்கிய சாதாரண மனிதர்கள். 500 மீட்டருக்கு வெளியே வாங்குங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். கடல் காற்று அங்கேயும் தாராளமாக வரும். உப்பு குறையும், வழக்கும் இருக்காது, மீனவர்கள் வலை உலர்த்தும் மணலும் அவர்களுக்கே இருக்கும்.

படி 2: மண்ணும் தண்ணீரும்

கட்டடம் வரும் இடத்தில் குறைந்தது இரண்டு இடங்களிலாவது துளையிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். மேலே பார்த்தால் ஒரே மணல்தான். கீழே எங்கே இறுக்கம், எங்கே களிமண் பட்டை என்பது துளையிட்டால்தான் தெரியும். கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அஸ்திவார ஆழமும், தரையை எவ்வளவு உயர்த்துவது என்பதும் அதைப் பொறுத்தவை.

தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து குளோரைடு, சல்பேட், பி.எச். மூன்றையும் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. மழைக்காலத்தில் தேறிய கிணறு மே மாதத்தில் தேறாமல் போகலாம். கோடையில் ஒருமுறை மறுபடி பாருங்கள்.

ஆழமாக போர் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கும்படி உறிஞ்சினால் கீழே இருந்து உப்பு நீர் அந்த 40 மீட்டரும் ஏறிவரும். கெடுவது உங்கள் கிணறு மட்டும் அல்ல, தெருவில் எல்லோருடைய கிணறும். ஆழமில்லாத கிணறு, மொட்டைமாடி மழைநீர் முழுவதும் அதைச் சுற்றி மண்ணில் இறங்குவதற்கு வழி, பெரிய தொட்டி. இது போதும்.

நீச்சல் குளம் வேண்டும் என்றால், நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் மாதங்களில் அதைக் காலி செய்யக்கூடாது. காலிக் குளத்தை அடி நீர் படகாட்டம் தூக்கிவிடும். அடியில் அழுத்தம் விடும் வால்வு வைக்கச் சொல்லுங்கள்.

படி 3: எந்தப் பக்கம் திறப்பது

நம் கரையில் கடல் கிழக்கே. காலை வெயில் அங்கிருந்து, மதியத்துக்கு மேல் கடல் காற்று அங்கிருந்து, ஐப்பசி கார்த்திகை மழைச் சாரலும் அங்கிருந்துதான். உப்பும் அதே வழியாகத்தான் வரும். கடலைப் பார்த்த பக்கத்தை முழுக்கக் கண்ணாடியாக்கினால் இந்த நான்கும் நேராகக் கூடத்துக்கு வந்து உட்காரும். அந்தப் பக்கம் 8 அடிக்குக் குறையாமல் ஒரு தாழ்வாரம் விட்டு, கண்ணாடியை அதற்குப் பின்னால் வையுங்கள். காட்சியும் போகாது. உள்ளே வரும் காற்று வெளியேற மேற்கில் உயரத்தில் ஜன்னல், அல்லது நடுவில் முற்றம். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போய், பழைய வீடுகளின் தாழ்வாரத்திலும் முற்றத்திலும் மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். கட்டடக் கலைஞரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

சென்னைக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 குறிக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது தகரக் கூரைகள் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பெர்கோலா, மாடிக் கூரை, சோலார் சட்டம் எல்லாவற்றையும் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்குக்குள் கொண்டுவாருங்கள். பின்னால் வெல்டர் வந்து சேர்ப்பதாக இருக்கக்கூடாது.

படி 4: கான்கிரீட்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் கவனமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே இறங்கும். கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். அந்த நாளைத் தள்ளிப்போட இரண்டே வழி: கான்கிரீட் இறுக்கமாக இருக்க வேண்டும், கம்பி ஆழத்தில் இருக்க வேண்டும்.

கடலோரச் சூழலுக்கு ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது எம்30 கலவை, தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகாமல், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல். கடல் திவலை நேரடியாகப் படும் இடம் என்றால் எம்35, 50 மில்லிமீட்டர். சிமென்ட்டில், இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட்டைக் கேளுங்கள், உப்பை நன்றாகத் தடுக்கும். கம்பிக்குப் பூச்சு வேண்டும் என்றால், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய சிமென்ட் பூச்சு முறை உண்டு. எபாக்சி பூசிய கம்பியும் கிடைக்கிறது. எதுவானாலும் வளைக்கும்போது உரிந்த இடத்தை மறுபடி பூசியாக வேண்டும்.

இப்போது தளத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். மூடல் அளவு சரியாக நிற்கக் கம்பிக்கு முட்டுக்கொடுக்கும் சிறு கட்டைக்குக் கவர் பிளாக் என்று பெயர். கம்பி கட்டுபவர் வழக்கமாக 20, 25 மில்லிமீட்டர் கவர் பிளாக்தான் மூட்டையில் வைத்திருப்பார். அது தீர்ந்தால் உடைந்த டைல்ஸ் துண்டைச் சொருகுவார். நீங்கள் கேட்ட அளவில், அதே தரக் கான்கிரீட்டில் செய்த கவர் பிளாக்கை முன்பே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கான்கிரீட் போடும் முதல் நாள் மாலை, சென்டரிங் மேல் முட்டி போட்டு உட்கார்ந்து, பீமின் அடியிலும் பக்கவாட்டிலும் ஸ்கேலை விட்டு அளந்து பாருங்கள். கட்டுக்கம்பி முனைகளைக் கவனியுங்கள். வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு முனை போதும், மூடலைத் துளைத்து அதுதான் முதலில் துருப்பிடிக்கும். எல்லாவற்றையும் உள்பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். ஆட்கள் மேலே நடந்து கம்பி கீழே அமுங்காமல் இருக்க, இடையிடையே நாற்காலி போல வளைத்த 'சேர்' கம்பி நிறுத்த வேண்டும்.

ரெடிமிக்ஸ் வண்டி வந்ததும் 'கொஞ்சம் தண்ணி விடுங்க, ஓடட்டும்' என்று ஒரு குரல் வரும். அனுமதிக்காதீர்கள். அந்த ஒரு குடம் தண்ணீர் 0.45-ஐக் கெடுத்துவிடும். வண்டிக்கு வண்டி கியூப் எனப்படும் சோதனைக் கட்டி எடுத்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்லாக் போன்ற கலப்புச் சிமென்ட்டுக்கு நம் வெயிலில் 14 நாள் நீராற்றல் (க்யூரிங்) வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். உப்புக் கிணற்று நீரைத் தெளித்தால் இவ்வளவு பாடும் வீண்.

படி 5: இரும்பும் ஜன்னலும்

வெளியே வரும் ஒவ்வொரு கைப்பிடி, கீல், திருகு எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் எஃகாக இருக்கட்டும். கடைகளில் சாதாரணமாகத் தருவது 304. கடல் காற்றில் அது பழுப்புக் கறை பிடிக்கும். 316-இல் மாலிப்டினம் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். காந்தம் வைத்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மாலிப்டினம் சோதிக்கும் சொட்டுத் திரவம் விற்கிறார்கள், ஒரு துளி விட்டு நிறம் பார்த்து வாங்குங்கள்.

அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகை நேராக முடுக்கக்கூடாது. இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும், நடுவே நைலான் வாஷர் வேண்டும். கடல் பக்கம் தள்ளு ஜன்னலைவிடக் கீல் வைத்த ஜன்னல் சாரலை நன்றாகத் தடுக்கும். பெரிய கண்ணாடி எல்லாம் டஃபன் செய்து லேமினேட் செய்ததாக இருக்கட்டும், உடைந்தாலும் சட்டத்திலேயே நிற்கும்.

படி 6: மற்றவை

ஏ.சி. வெளி யூனிட்டை மேற்குப் பக்கம் வையுங்கள். மின்பெட்டி வீட்டுக்குள். சோலார் பலகைக்கு உப்புப் பனிச் சோதனைச் சான்று கேளுங்கள். தரைக்குக் கிரானைட் மார்பிளைவிட உப்பைத் தாங்கும். தோட்டத்தில் புன்னை, தாழை, தென்னை. மனையிலோ ஒட்டியோ மணல்மேடு இருந்தால் ஜே.சி.பி. விடாதீர்கள். அது சட்டப்படியே தொடக்கூடாத இடம். அதைப் பிடித்துவைத்திருக்கும் அடம்புக் கொடியையும் ராவணன் மீசையையும் களை என்று பிடுங்கவும் வேண்டாம்.

படி 7: குடியேறிய பிறகு

மழை நனைக்காத, தாழ்வாரத்துக்கு அடியில் இருக்கும் கிரில்லில்தான் உப்பு அதிகமாகப் படியும், கழுவிவிட மழை வராது அல்லவா. வாரம் ஒருமுறை அவற்றை நல்ல தண்ணீர் விட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். ஏ.சி. யூனிட்டுக்கும் அதே. ஆண்டுக்கு ஒருமுறை, தை மாத வெயிலில், சன்ஷேட் அடிப்பக்கத்தையும் பால்கனி ஓரத்தையும் நடந்து பார்த்து, மயிரிழை விரிசலோ பழுப்புக் கோடோ தெரிந்தால் பெயின்டரைக் கூப்பிடுவதற்கு முன் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.