ஈசூன் தவளைகளுக்கு ஒரு வம்ச மரம்: வீட்டுக் கணினியில் வரைவது எப்படி?

நவம்பர் மழை விட்ட ஒரு ராத்திரி. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் லோங்காங்கிலிருந்து (வடிகால்) கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் உப்பிய உடம்பு, முதுகின் இரு பக்கமும் சந்தன நிறப் பட்டை. கலூலா புல்க்ரா என்ற தவளை. இரண்டடி தள்ளி வழக்கம்போல ஒரு தேரை.

"அம்மா, இது ரெண்டும் சொந்தமா?" என்று மகள் கேட்டாள்.

புத்தகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நாமே கண்டுபிடித்தால் என்ன என்று தோன்றியது. மூன்று வார இரவுகள் போயின. அதில் இரண்டு வாரம் ஒரே தவறில் போனது. நீங்கள் அதில் மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தவளையைப் பிடிக்கவே வேண்டாம். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் தேசிய பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் உயிரினங்களை எடுப்பது குற்றம். நமக்குத் தேவையான மரபணு வரிசைகளை ஆய்வாளர்கள் ஏற்கெனவே ஜென்பேங்க் தரவுத்தளத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

படி 1: யார் யார் என்று முடிவு செய்யுங்கள்

எட்டு இனங்கள் போதும். என் பட்டியல்: ஆசியத் தேரை (டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ்), கலூலா புல்க்ரா, மைக்ரோஹைலா ஹெய்மோன்சி, மரத்தவளை (பாலிபெடேட்ஸ் லூகோமிஸ்டாக்ஸ்), வயல் தவளை (ஃபெஜர்வார்யா லிம்னோகாரிஸ்), சுங்கை பூலோ சதுப்பு நிலத்தின் உப்புத் தண்ணீரையும் தாங்கும் நண்டுண்ணித் தவளை (ஃபெஜர்வார்யா கேன்க்ரிவோரா), ஹைலரானா எரித்ரேயா, புக்கிட் தீமா காட்டின் கொம்புத் தவளை (பெலோபட்ராகஸ் நாசுட்டஸ்).

பழைய புத்தகத்தை வைத்துத் தேடினால் பெயரில் குழப்பம் வரும். தேரை அங்கே பூஃபோ என்று இருக்கும். 2006ல்தான் அது டட்டாஃப்ரைனஸ் ஆனது. இந்தியத் தவளை ஆய்வாளர் சுஷில் தத்தாவின் பெயரால் அமைந்த பேரினம் அது. கொம்புத் தவளை நேற்றுவரை மெகோஃப்ரிஸ். இப்போதைய பெயர் எது என்று பார்க்க அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலைத்தான் நான் நம்புகிறேன். பழைய பெயர்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும்.

படி 2: வரிசைகளை இறக்குங்கள்

இனப் பெயரோடு '16எஸ்' சேர்த்துத் தேடுங்கள். இது செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு ஆர்ஆர்என்ஏ (ரைபோசோம் ஆர்என்ஏ) மரபணு. இதன் சில பகுதிகள் எல்லா நீர்நில வாழ்வனவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்; நடுவில் உள்ளவை இனத்துக்கு இனம் மாறும். அதனால் ஒரே கருவியை வைத்து எந்தத் தவளையிலிருந்தும் இதைப் படித்துவிடலாம். ஆய்வாளர்கள் இதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால், நமக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் இது கிடைக்கிறது.

ஃபாஸ்டா என்ற எளிய உரை வடிவில் இறக்கி, நோட்பேடில் ஒரே கோப்பாக ஒட்டுங்கள். வேர்டு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தலைப்பு வரியிலும் பதிவு எண்ணை எடுத்துவிட்டு இனப் பெயரைப் போடுங்கள். சொற்களுக்கு நடுவில் இடைவெளிக்குப் பதில் கீழ்க்கோடு. தலைப்பை அப்படியே விட்டால் முதல் இடைவெளிக்குப் பிறகு உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டு, மரத்தில் வெறும் எண்கள்தான் தொங்கும். பதிவு எண்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

படி 3: நான் இரண்டு வாரம் தொலைத்த இடம்

என் முதல் மரத்தில் தேரையும் மரத்தவளையும் உடன்பிறப்புகள் போல ஒட்டி நின்றன. மரத்தவளையை ஒரு தடவை கையருகே பார்த்தவர்கள்கூட இதை நம்பமாட்டார்கள். நிரலை மாற்றினேன், எழுத்துகள் மாறும் விதத்தைக் கணக்கிடும் மாதிரியை மாற்றினேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அதே மரம்.

காரணம் இதுதான். 16எஸ் மரபணு முழுதாகச் சுமார் 1,600 எழுத்து (டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி) நீளம். பெரும்பாலோர் அதன் பின்பாதியிலிருந்து 550 எழுத்து அளவுள்ள துண்டை மட்டும் படித்துப் போடுகிறார்கள். வேறு சிலர் பக்கத்து மரபணுவான 12எஸ்ஸில் தொடங்கி 16எஸ்ஸின் முன்பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு பதிவுகளின் தலைப்பிலும் '16எஸ்' என்றுதான் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இருக்காது! நான் எடுத்த தேரையும் மரத்தவளையும் முன்பாதி. மற்ற ஆறும் பின்பாதி. ஒப்பிட எதுவும் இல்லாத இடத்தில் நிரல் அவற்றை எங்கோ ஒட்டவைத்துவிட்டது.

கண்டுபிடிப்பது சுலபம். படி 4ல் வரும் சீரமைத்த கோப்பை (ஒத்த எழுத்துகள் நேருக்கு நேர் வரும்படி வரிசைகளை அடுக்கியது) அலிவியூ என்ற மென்பொருளில் திறந்து, முழு அகலமும் தெரியும்படி சுருக்குங்கள். எழுத்துகள் வண்ணக் கட்டங்களாகத் தெரியும். எல்லா வரிசைகளும் ஒரே இடத்தில் அடுக்கிய செங்கல் மாதிரி நின்றால் நல்லது. சில இடப்பக்கமும் சில வலப்பக்கமுமாக, நடுவில் வெறும் கோடுகளாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பின்பாதி உள்ள வேறு பதிவைத் தேடி மாற்றுங்கள். மரம் கணிக்கும் நிரலான ஐக்யூ-ட்ரீயும் எச்சரிக்கத்தான் செய்கிறது: எந்த வரிசையில் பாதிக்கு மேல் வெற்றிடம் என்று அதன் பதிவேட்டில் எழுதும். நான் அந்த வரியை ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிருக்கிறேன்.

படி 4: சீரமைப்பு

வரிசைகளைச் சீரமைக்கும் மாஃப்ட் இணையப் பக்கத்தில் கோப்பை ஏற்றுங்கள். வரிசையின் திசையைச் சரிசெய்யும் தேர்வை மட்டும் மறக்காமல் போடுங்கள். தலைகீழாகப் பதிவான வரிசை இருந்தால் அதுவே திருப்பிவிடும். மற்றதைத் தொடவேண்டாம். மெகா என்ற ஒரே மென்பொருளில் எல்லாம் செய்யலாம் என்பார்கள். செய்யலாம்தான், ஆனால் வரிசைகளைக் கண்ணால் பார்க்காமலே அடுத்த பொத்தானை அழுத்தும் பழக்கம் அதில் வந்துவிடுகிறது. எனக்குத் தனித்தனிக் கருவிகள்தான் பிடிக்கும்.

படி 5: மரம்

ஐக்யூ-ட்ரீ இணையச் சேவையில் சீரமைத்த கோப்பை ஏற்றி, மாதிரியைத் தானாகத் தேர்வு செய்யும்படி விட்டு, அதிவேக பூட்ஸ்ட்ராப் (ஒவ்வொரு பிரிவும் எவ்வளவு உறுதி என்று பார்க்கும் சோதனை) 1,000 என்று வைத்து அனுப்புங்கள். எட்டு வரிசைகளுக்கு அதிக நேரம் ஆகாது. முடிவில் வரும் ட்ரீஃபைலை, மரத்தைப் படமாகக் காட்டும் ஃபிக்ட்ரீயில் திறக்கவும்.

படி 6: வேர் எங்கே?

நிரல் தருவது வேர் இல்லாத மரம்; எந்தக் கிளை முதலில் பிரிந்தது என்று அது சொல்லாது. முதலில் காலில்லாத, மண்புழு போன்ற இக்தியோஃபிஸை வேராக வைத்தேன். அதுவும் நீர்நில வாழ்வன கூட்டம்தான். சிங்கப்பூரின் பெயரையே தாங்கிய ஒன்றுகூட உண்டு. ஆனால் தவளைகளிடமிருந்து அது பிரிந்து மிக நெடுங்காலம் ஆகிவிட்டது. 550 எழுத்துகளில் அவ்வளவு தூரத்தை நம்பி அளக்க முடியாது. இப்போது கொம்புத் தவளையின் கிளையைத் தேர்ந்தெடுத்து ரீரூட் செய்கிறேன். இந்தப் பட்டியலில் மற்ற ஏழும் சேர்ந்த கூட்டத்துக்கு வெளியே நிற்பது அது ஒன்றுதான் என்று பல மரபணுக்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன.

கணுக்களில் இருக்கும் எண்களைப் பாருங்கள். அதிவேக பூட்ஸ்ட்ராப்பில் 95க்குக் கீழே இருந்தால் அந்தப் பிரிவை நம்பாதீர்கள். ஃபெஜர்வார்யா இரண்டும் சேரும் கணு எனக்கு 95ஐத் தாண்டியது. ஆழத்தில் உள்ள கணுக்கள் தள்ளாடின. இத்தனை சின்னத் துண்டுக்கு அவ்வளவுதான் பலம்.

ஆழத்துக்கு 2017ல் வந்த ஓர் ஆய்வைப் பிடித்துக்கொண்டேன். 156 இனங்கள், 95 மரபணுக்கள். இன்றைய தவளைகளில் சுமார் 88 விழுக்காடு மூன்று பெரிய கிளைகளில் அடங்கும். அந்த மூன்றும் டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தை ஒட்டி வேகமாகப் பெருகின என்கிறது அது. ஒரு கிளையில் தேரை. இன்னொன்றில் கலூலாவும் மைக்ரோஹைலாவும். மூன்றாவதில் மரத்தவளை, வயல் தவளை, ஹைலரானா எல்லாம். மூன்று கிளையும் எங்கள் லோங்காங் ஓரத்திலேயே இருக்கிறது! மகளிடம் சொன்னேன்: "சொந்தம்தான்மா, ஆனா ரொம்பத் தூரத்துச் சொந்தம். கலூலாவுக்குத் தேரையைவிட மரத்தவளைதான் கிட்ட."

பிற்சேர்க்கை 1: ஒரு வாசகருக்கு 16எஸ் தேடியபோது 17,000 எழுத்து நீளப் பதிவு வந்ததாம். அது முழு மைட்டோகாண்ட்ரியா. பதிவுப் பக்கத்தில் ஆர்ஆர்என்ஏ என்ற இணைப்பைச் சொடுக்கினால் அந்தப் பகுதியை மட்டும் எடுக்கலாம். இரண்டு இருக்கும், 'பெரிய துணை அலகு' என்று குறித்திருப்பதுதான் 16எஸ்.

பிற்சேர்க்கை 2: இன்னொருவருக்கு வயல் தவளை இரண்டு பதிவுகளும் மரத்தில் வெவ்வேறு இடத்தில் நின்றன. அவர் செய்தது சரிதான். லிம்னோகாரிஸ் என்ற பெயர் ஜாவாத் தவளைக்கு வைத்தது. அதே பெயரில் ஜப்பானிலிருந்து பதிவானவற்றில் பல இன்று வேறு இனம், 2011ல் கவாமுராயி என்று பிரித்துவிட்டார்கள். ஜென்பேங்க் பதிவில் பழைய பெயர் அப்படியே இருக்கலாம். பதிவில் இடம் குறித்த வரியைப் படித்து, மலேசியா, சிங்கப்பூர், ஜாவாவில் எடுத்த வரிசையைத் தேர்ந்தெடுங்கள். இடம் குறிக்காத பதிவை நான் இப்போது எடுப்பதே இல்லை.