பருத்தழும்பு சிகிச்சை: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

பருவைக் கிள்ளக் கூடாது, முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே விட்டுவிடலாம். நிறையப் படித்து, விசாரித்துவிட்டு வருகிறவர்கள்கூடத் தடுக்கி விழும் இடங்கள் வேறு. புதிதாகச் சிகிச்சை தொடங்குகிறவர்கள் அதே இடங்களில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் இது.

கறையைத் தழும்பு என்று நினைப்பது

கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். பள்ளமோ மேடோ தட்டுப்படாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது பெரும்பாலும் தழும்பு அல்ல, கறை. பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் வீக்கத்தின்போது அதிகமாகச் சுரந்த மெலனின் என்ற நிறமி. சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்தால் விரிந்த நுண்ணிய ரத்தக் குழாய்கள். இரண்டுமே மாதக்கணக்கில் மெதுவாக மங்கக்கூடியவை. மாநிற, கருநிறத் தோலில் பழுப்புக் கறை ஒரு வருடத்தைத் தாண்டியும் நிற்கலாம்.

பழுப்புக் கறைக்கு அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகைப் பூச்சு), 15 முதல் 20% அசெலிக் அமிலம், தினமும் சன்ஸ்கிரீன் ஆகியவை போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருநிறத் தோலில் கறையைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. சமமாக இருக்கும் கறையின் மேல் வலுவான லேசரைப் பாய்ச்சினால் அந்தச் சூடே புதுக் கறையைப் போட்டுவிடலாம்.

பரு அடங்குமுன் தழும்பைத் தொடுவது

புதிது புதிதாகப் பரு வீங்கிக்கொண்டிருக்கும்போது பழைய பள்ளத்துக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. ஒரு குழி மேடேறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று விழும். முதலில் பருவை அடக்குங்கள். அடாபலீன் 0.3%, பென்சாயில் பெராக்சைடு 2.5% சேர்ந்த ஜெல்லை 24 வாரம் பூசியதில், பருவோடு பள்ளத் தழும்புகளின் எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. ஆக, பரு சிகிச்சையே தழும்பு சிகிச்சையின் முதல் படி.

பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் எந்தத் தழும்பு சிகிச்சைக்கும் 6 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. அமிலத்தால் தோலை மேலோட்டமாக உரிக்கும் பீலுக்கும் சில லேசர்களுக்கும் அவ்வளவு காத்திருப்பு தேவையில்லை என்று 2017இல் தோல் மருத்துவ நிபுணர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். தோலை முழுதாகச் சீவும் டெர்மாப்ரேஷனுக்கும், மேல்தோலை முழுக்க நீக்கும் லேசருக்கும் அந்தத் தளர்வு கிடையாது. மாத்திரை சாப்பிட்டதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

எல்லாத் தழும்புக்கும் ஒரே லேசர்

பணத்தையும் நம்பிக்கையையும் ஒன்றாகக் கரைக்கும் தவறு இதுதான். இன்றும் குறையவில்லை என்பதுதான் எரிச்சல்.

கன்னம் முழுக்க அலையலையாகப் பள்ளம். ஃப்ராக்ஷனல் லேசர் ஆறு முறை என்று மொத்தமாகப் பணம் கட்டியாகிவிட்டது. ஆறும் முடிந்தது. தோல் கொஞ்சம் மினுமினுப்பாகியிருக்கிறது, பள்ளம் அப்படியே இருக்கிறது. "என் தோலுக்கு எதுவும் கேட்காது" என்ற முடிவோடு வருகிறார்கள். தோலில் குறையில்லை. முதல் நாளே தழும்பின் வகையைப் பார்க்காததுதான் குறை.

பள்ளத் தழும்பு மூன்று வகை. 2001இல் வந்த இந்தப் பகுப்பு இன்றும் பயன்படுகிறது. ஐஸ் பிக் என்பது ஊசியால் குத்தியதுபோல் 2 மி.மீ.க்கும் குறைந்த வாயோடு ஆழமாக இறங்கும் குழி. பாக்ஸ்கார் என்பது 1.5 முதல் 4 மி.மீ. அகலம், செங்குத்தான சுவர், தட்டையான அடி. ரோலிங் என்பது 4 மி.மீ.க்கு மேல் அகலமாக, விளிம்பு தெரியாமல் சரிந்து இறங்கும் பள்ளம். பெரும்பாலான முகங்களில் மூன்றும் கலந்தே இருக்கும்.

ரோலிங் பள்ளத்தில் தோலின் அடிப்பக்கத்தை நார்க் கட்டுகள் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. மெத்தையில் பொத்தான் வைத்துத் தைத்த இடம் குழிந்திருப்பதுபோல. மேல்துணிக்கு எத்தனை முறை இஸ்திரி போட்டாலும், உள்ளே இருக்கும் நூலை அறுக்காமல் அந்தக் குழி எழும்பாது. லேசர் மேலிருந்து நுண்ணிய துளைகள் போட்டுப் புதுக் கொலாஜனை (தோலுக்கு உறுதி தரும் புரதம்) வளர்க்கிறது, அவ்வளவுதான். அடியில் இருக்கும் கட்டை அது அறுப்பதில்லை.

அறுக்கும் வேலை சப்சிஷனுடையது. மரத்துப்போக ஊசி போட்ட பிறகு, கத்திபோல் தட்டையான முனையுள்ள ஊசியையோ கேனுலா என்ற மழுங்கிய மெல்லிய குழாயையோ தோலுக்கு அடியில் செலுத்திப் பக்கவாட்டில் அசைக்கிறார்கள். கட்டு அறுபடும்போது நறநறவென்று கேட்கும். ரத்தக்கட்டும் வீக்கமும் ஓரிரு வாரம் இருக்கும். ஒரே முறையில் முடியாது, சில வார இடைவெளியில் மறுபடி செய்ய வேண்டிவரும். அறுந்த இடம் மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் சிலருக்கு உடனே பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசியும் போடுகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நெற்றிப் பொட்டிலும் தாடை ஓரத்திலும் முக நரம்பின் கிளைகள் ஓடுவதால், பழகிய கை வேண்டும்.

ஐஸ் பிக் குழிக்கு லேசர் போதாமல் போவதற்குக் காரணம் ஆழம். அதற்கு டிசிஏ க்ராஸ். 65 முதல் 100% டிசிஏ (ட்ரைகுளோரோஅசிட்டிக்) அமிலத்தைக் கூரான குச்சியின் நுனியில் தொட்டு, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு குழிக்குள் மட்டும் வைப்பார்கள். சில நொடிகளில் அந்தப் புள்ளி வெண்மையாகும். பிறகு பொருக்குத் தட்டி, சில நாளில் உதிரும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை தேவைப்படும். மிக ஆழமான குழியை 'பஞ்ச்' என்ற சிறு வட்டக் கத்தியால் வெட்டியெடுத்துத் தைப்பதும் உண்டு. ஆழமில்லாத பாக்ஸ்காருக்குத்தான் லேசர், நுண்ணிய ஊசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங், ரேடியோ அலை ஊசி எல்லாம் நன்றாக வேலை செய்யும்.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இருட்டறையில் ஒரே விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். நேர் வெளிச்சம் பாதிப் பள்ளத்தை மறைத்துவிடும். பிறகு இரண்டு விரலால் தோலை மெல்ல இழுங்கள். இழுத்ததும் பள்ளம் காணாமல் போனால் அது ஆழமில்லாத, மென்மையான வகை. இழுத்தும் நிழல் மாறாமல் நின்றால் ஆழமான குழி அல்லது செங்குத்துச் சுவர். சிரிக்கும்போது பள்ளம் இன்னும் உள்ளே போனால் அடியில் கட்டு இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது "எத்தனை லேசர் ஆகும்?" என்று தொடங்காதீர்கள். "என் முகத்தில் எந்த வகை எங்கே இருக்கிறது, எதற்கு எது, எந்த வரிசையில்?" என்று கேளுங்கள். கலந்த தழும்புக்கு வழக்கமான வரிசை இது: முதலில் சப்சிஷன், குழிகளுக்கு க்ராஸ், கடைசியில் முகம் முழுக்க லேசரோ மைக்ரோநீட்லிங்கோ. தோலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் லேசர் தொகுப்பை நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

வீட்டில் நீள ஊசி ரோலர்

வேண்டாம். நீள ஊசியால் கிருமித் தொற்றும் கோடுகோடாகப் புதுத் தழும்பும் வரும், 0.2 மி.மீ. குட்டை ஊசியோ தழும்பின் ஆழத்தை எட்டவே எட்டாது.

டிசிஏவை வாங்கி நீங்களே வைப்பது

குழியைத் தாண்டி வழிந்தால், குறுகிய தழும்பு அகலமான தழும்பாகும்.

ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் க்ரீம்

முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், அதனால்தான் விட முடிவதில்லை. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவந்த ரத்தக் குழாய்கள் தெரியும், ஸ்டீராய்டாலேயே பரு வரும். குழாயின் பின்பக்கம் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே நீண்ட நாள் பூசிவந்திருந்தால் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். சட்டென விட்டால் எரிச்சலும் சிவப்பும் பொங்கும்.

பத்தாம் நாள் முடிவெடுப்பது

லேசரோ ஊசியோ முடிந்த முதல் வாரத்தில் முகம் லேசாக வீங்கியிருக்கும். அந்த வீக்கம் பள்ளத்தை நிரப்பிக் காட்டும். அது வடிந்ததும் "எல்லாம் திரும்பிவிட்டது" என்ற ஏமாற்றம் வரும், அடுத்த வாரமே இன்னொரு அமர்வு கேட்பார்கள். புதுக் கொலாஜன் உருவாகிச் சீராக 3 முதல் 6 மாதம் ஆகும். ஒரே விளக்கு, ஒரே கோணம், ஒரே தூரத்தில் முன்பே எடுத்த படத்தோடு அப்போது ஒப்பிடுங்கள். தழும்பு குறையும், முழுதாக அழியாது. "முழுசா போயிடும்" என்று உறுதி கொடுக்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மேடான தழும்பைப் பள்ளத்தைப் போலவே நடத்துவது

தாடை, மார்பு, தோள், முதுகில் தடித்து எழும் தழும்புக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பரு இருந்த எல்லையைத் தாண்டிப் பரவினால் அது கெலாய்டு. அதில் குத்தினாலோ வெட்டினாலோ இன்னும் பெரிதாக வளரலாம். அதற்குத் தழும்புக்குள்ளேயே ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடுவார்கள். சிலிகான் ஜெல் தாள் என்றால் நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மாதக்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டும். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்காவதோ கெலாய்டு வந்திருந்தால், முகத்துப் பள்ளத்துக்குப் போகும்போதும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.