கோபம் ஆள் மேல், அடி கேரக்டர் மேல்

எங்கள் மேஜையில் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினார்கள்; ஆளுக்கு ஒரு கற்பனைக் கேரக்டரை எடுத்து, பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. நான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம்: கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். ஐவரில் ஒருவனுடைய கேரக்டர் ரோக்: பூட்டைத் திறப்பான், பொறியைக் கண்டுபிடிப்பான், மறைந்திருந்து குத்துவான். ஒரு கட்டத்தில் இவன் கூட்டாளிகள் தூங்கும்போது அவர்கள் பையிலேயே கை வைக்க ஆரம்பித்தான். கேட்டால், "என் கேரக்டர் திருடன்டா, அப்படித்தான் செய்வான்" என்றான்.

நான் என்ன செய்தேன்? அடுத்த ஊரில் காவலர்களை விட்டுப் பிடித்துச் சிறையில் போட்டேன். புத்தி வரும் என்று நினைப்பு. அவனோ குஷியாகிவிட்டான். சிறைக்காவலனிடம் பேரம், கம்பியை அறுக்க முயற்சி, கூரை வழியாக ஓட்டம் என்று ஒரு மணி நேரம் முழுக்க அவன் ராஜ்ஜியம். மற்ற நான்கு பேரும் முறுக்கைத் தின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டனை கிடைத்தது அவர்களுக்குத்தான்.

தொல்லை தரும் ஆட்டக்காரரிடம் டிஎம்கள் செய்யும் முதல் தவறு இது. ஆளிடம் பேச வேண்டியதைக் கேரக்டர் மேல் காட்டுவது. இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. டேவ் ஆர்னெசனுடன் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்த கேரி கைகாக்ஸ், 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இதை யோசனையாகவே எழுதியிருக்கிறார். அடங்காதவர் தலையில் வானத்திலிருந்து நீல மின்னல் இறக்கலாமாம். கேரக்டரின் வசீகரத்தைக் குறிக்கும் கரிஸ்மா மதிப்பில் ஒரு புள்ளியை நிரந்தரமாகப் பிடுங்கலாமாம். ஆனால் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருந்தால் அது பலிக்கவில்லை என்றுதான் அர்த்தம், கடைசி வழி அந்த ஆளை ஆட்டத்துக்கே கூப்பிடாமல் இருப்பது என்றும் அதே இடத்தில் சொல்கிறார். மின்னல் மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

மின்னல் ஏன் பலிப்பதில்லை? டிஎம் எதை எறிந்தாலும் அதைச் சமாளிப்பதுதானே இந்த ஆட்டமே. நீங்கள் கண்டிப்பு என்று நினைத்து அனுப்புவது அவருக்கு இன்னொரு சவாலாகப் போய்ச் சேரும். பகடையை உருட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

சிறை எடுபடவில்லை என்றதும் நான் அடுத்த தவறுக்குத் தாவினேன். வாட்ஸ்அப் குரூப்பில் பொதுவாக ஒரு மெசேஜ்: "எல்லோரும் கொஞ்சம் டீமா ஆடலாமே." பேலடின் என்ற புனித வீரர் கேரக்டரை ஆடிய பெண், தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துத் தனியாக மன்னிப்பு கேட்டு எழுதினாள். எவனுக்காக எழுதினேனோ அவன் கட்டைவிரலைத் தூக்கி ஒரு ஈமோஜி போட்டான். ஊருக்கெல்லாம் சொன்னால் உறைக்க வேண்டியவனுக்கு உறைக்காது, ஏற்கெனவே ஒழுங்காக இருப்பவர்தான் கலங்கிப்போவார்.

கடைசியில் அவனை மட்டும் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதிலும் இரண்டு இடறல்கள் உண்டு. செஷன் முடிந்த சூட்டோடு, நாலு பேர் முன்னால் ஆரம்பிக்கக் கூடாது; அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாதாடுவாரே தவிர காதில் வாங்க மாட்டார். அப்புறம், "நீ சுயநலக்காரன்" என்று குணத்துக்குப் போகக் கூடாது. நடந்ததைச் சொன்னால் போதும். நான் இவ்வளவுதான் சொன்னேன்: "போன வாரம் நீ எடுத்த காசைத் தேடுறதுலயே நாப்பது நிமிஷம் போச்சு. மத்த நாலு பேருக்கும் அன்னைக்கு ஒரு சீன்கூட வரல."

அவன் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "மச்சான், மூணு மாசமா எலும்புக்கூடா விடுற. நான் குத்தினா ஏறவே மாட்டேங்குது. சண்டையில எனக்கு என்ன வேலை சொல்லு? அதான் திருடிட்டு இருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் ஆடியது 2003இல் வந்த 3.5 பதிப்பு. அதில் எலும்புக்கூடு, நடமாடும் பிணம் போன்றவற்றின் மேல் ரோக்கின் மறைந்திருந்து குத்தும் தாக்குதல் பலிக்காது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தத் தடை இல்லை. கல்லறைக்குள் கதையை வைத்தவன் நான். அவனிடம் இருந்த ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டு, பூட்டும் பொறியும் இல்லாத சுரங்கங்களில் மூன்று மாதம் நடக்கவிட்டிருக்கிறேன். அதற்காகக் கூட்டாளி பையில் கை வைத்தது சரி என்று ஆகிவிடாது. முதல் மாதமே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம் என்று அவனிடமும் சொன்னேன். எல்லா வம்புக்கும் பின்னால் இப்படி ஒரு நியாயம் இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

"என் கேரக்டர் அப்படித்தான்" என்ற வசனத்துக்கு வருகிறேன். அதற்குப் பதில் சொல்லக் கிளம்புவதே பொறியில் கால் வைப்பது. கேயாடிக் நியூட்ரல் ஆள், அதாவது நல்லவன் கெட்டவன் என்றில்லாமல் தன் இஷ்டப்படி நடக்கும் குணம் என்று குறிக்கப்பட்ட கேரக்டர், நண்பனிடம் திருடுவானா மாட்டானா என்று ஆரம்பித்தால் விடியும்வரை பேசலாம், நான் பேசியிருக்கிறேன். அந்தக் கேரக்டர் தானாக முளைக்கவில்லை, எழுதியது இவர்தான். இந்தக் கூட்டத்தோடு ஒத்துப்போகும் ஒரு காரணத்தையும் அவரே எழுதட்டும், அல்லது வேறு கேரக்டரை எழுதட்டும். முதல் ஆட்டத்துக்கு முன்னால் செஷன் ஜீரோ என்று உட்கார்ந்து, கூட்டாளியிடம் திருடலாமா, ஒருவரை ஒருவர் தாக்கலாமா என்று பேசி வைத்திருந்தால் பாதித் தகராறு வந்திருக்காது. எங்களுக்கு அன்று பிரியாணி சாப்பிடவே நேரம் போதவில்லை.

எல்லாத் தொல்லையையும் ஒரே தராசில் வைப்பதும் தவறுதான். விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாதாடுபவரிடம், "இப்போதைக்கு இது என் முடிவு, ஆட்டம் முடிந்ததும் பக்கத்தைப் புரட்டுவோம்" என்றால் பெரும்பாலும் அடங்கிவிடுவார். அவர் உங்களுக்கு நல்ல உதவியாளராகக்கூட ஆகலாம். போனையே பார்ப்பவர் முறை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஆனால் இன்னொரு ஆட்டக்காரரைக் கூச வைக்கிற பேச்சு, கேரக்டர் பெயரைச் சொல்லிக்கொண்டு செய்யும் சில்மிஷம் இதற்கெல்லாம் டீக்கடை வரை காத்திருக்கக் கூடாது. அங்கேயே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு பல மேஜைகளில் இருக்கிறது: எக்ஸ் போட்ட ஒரு அட்டை நடுவில் கிடக்கும், யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிடுவார்கள். தெரியாமல் எல்லை தாண்டிவிடும் நல்ல மேஜைக்கு அது போதும். வேண்டுமென்றே தாண்டுகிறவரை அட்டை என்ன செய்யும்?

அப்படிப்பட்டவரை அனுப்பும்போதும் நாம் சொதப்புவோம். "இந்த வாரம் ஆட்டம் இல்லை" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவர் இல்லாமல் புது வாட்ஸ்அப் குரூப் தொடங்குவது. இந்த ஆட்டம் ஆடுகிற வட்டம் சின்னது, இரண்டு வாரத்தில் யாராவது போட்டோ போட்டுக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அவர் தொல்லை கொடுத்த ஆள் இல்லை, ஏமாற்றப்பட்ட ஆள். கேரக்டரை டிராகனுக்கு இரை போட்டு ஜாடை காட்டுவதும் அதே ரகம். அவர் அடுத்த வாரம் புதுக் கேரக்டரோடு வந்து நிற்பார். போன் போட்டு, "இனிமே இந்த மேஜையில நாம சேர்ந்து ஆட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். காரணத்தை ஒரு தடவை சொன்னால் போதும். அவருடைய டைஸ் பை உங்கள் வீட்டில் கிடந்தால் அதையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.