பழைய 10பேஸ்2 நெட்வொர்க்: முதலில் மீட்டர், அப்புறம்தான் மென்பொருள்

கணினிக்குக் கணினி தாவிப் போகும் ஒரே கறுப்புக் கேபிள். ஒவ்வொரு கணினியின் பின்னாலும் ஒரு டி (T வடிவ) கனெக்டர். இரண்டு முனைகளிலும் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு டெர்மினேட்டர், அதாவது சிக்னல் திரும்பி வராமல் விழுங்கிவிடும் 50 ஓம் மூடி. 10பேஸ்2, அதாவது தின்நெட் எனப்படும் பழைய கோஆக்சியல் (நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் பின்னல் கவசம் உள்ள கேபிள்) ஈதர்நெட், இவ்வளவுதான். பழைய அளவீட்டுக் கருவிகளிலும் இயந்திரங்களை ஓட்டும் கணினிகளிலும் இது இன்னும் உயிரோடு இருப்பதால், என்னிடம் பழுதுக்கு வந்துகொண்டே இருக்கிறது. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: கேபிளை மல்டிமீட்டரில் அளந்து சரி என்று தெரியும்வரை டிரைவர், ஐபி முகவரி எதையும் தொட மாட்டேன்.

முதலில் ஒரு தாளில் கேபிள் போகும் வழியை வரையுங்கள். எந்தக் கணினிக்கு அடுத்து எது, இடையில் எத்தனை மீட்டர், முனைகள் இரண்டும் எங்கே. ஒரு செக்மென்ட், அதாவது ஒரு டெர்மினேட்டரிலிருந்து மறு டெர்மினேட்டர்வரை உள்ள கேபிள், 185 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதில் 30 இணைப்புகள்வரை வைக்கலாம். ரிப்பீட்டர் (சிக்னலைப் புதுப்பித்து அடுத்த செக்மென்டுக்கு அனுப்பும் பெட்டி) இருந்தால் அதுவும் ஓர் இணைப்பு. இரண்டு டி கனெக்டர்களுக்கு நடுவே குறைந்தது அரை மீட்டர் கேபிள் வேண்டும். முனைகள் இரண்டையும் சேர்த்து வளையமாக்கக் கூடாது, நடுவிலிருந்து கிளை பிரிக்கவும் கூடாது. டி கனெக்டர் நேராக நெட்வொர்க் கார்டின் மீதே உட்கார வேண்டும். கணினியை வசதியான இடத்துக்கு நகர்த்துவதற்காக, டி-க்கும் கார்டுக்கும் நடுவே ஒரு துண்டுக் கேபிள் போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தத் துண்டும் ஒரு கிளைதான். சிக்னல் அங்கே பிரதிபலித்துத் திரும்பி, மற்ற எல்லோருடைய தரவையும் கெடுக்கும். கணினியை நகர்த்த வேண்டுமானால் கேபிளையே அங்கே வளைத்துக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அடுத்து கேபிளின் தோலில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஆர்ஜி-58 என்று இருக்க வேண்டும். அது 50 ஓம் கேபிள். ஆர்ஜி-59 வீடியோவுக்கான 75 ஓம் கேபிள், ஆர்ஜி-62 ஆர்க்நெட் என்ற வேறொரு பழைய நெட்வொர்க்குக்குப் பயன்பட்ட 93 ஓம் கேபிள். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மூன்றிலும் பிஎன்சி (தள்ளித் திருகிப் பூட்டும் வட்ட) கனெக்டர் மாட்டலாம். நடுவில் ஒரு துண்டு மாறிப்போனாலும் நெட்வொர்க் ஓடுவதுபோல் ஓடி அவ்வப்போது தடுமாறும். அச்சு அழிந்த துண்டை நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன்.

இப்போது மீட்டர். எல்லாக் கணினிகளையும் அணையுங்கள். ஏதாவது ஒரு டி கனெக்டரை மட்டும் கார்டிலிருந்து கழற்றி, அதன் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே தடையை அளங்கள். 25 ஓம், அல்லது கேபிளின் சொந்தத் தடையும் சேர்ந்து அதற்குச் சற்று மேலே காட்டினால் நல்லது: இரண்டு முனைகளிலும் உள்ள 50 ஓம் டெர்மினேட்டர்கள் இணையாகத் தெரிகின்றன. 50 காட்டினால் ஒரு பக்கம் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது அந்தப் பக்கத்து டெர்மினேட்டர் இல்லை. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். பெரும்பாலும் சரியாகக் கிரிம்ப் செய்யாத (அழுத்தி இறுக்காத) கனெக்டரில், பின்னல் கம்பியின் ஒரு இழை நடு ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இந்த 25 ஓமை நான் இவ்வளவு பிடித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. கோஆக்சியல் ஈதர்நெட்டில் மோதலை, அதாவது இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பித் தரவு கெடுவதை, கண்டுபிடிப்பது வோல்டேஜை வைத்துத்தான். அனுப்பும் கார்டு சராசரியாக 40 மில்லியாம்பியர் அளவில் மின்னோட்டத்தைக் கேபிளில் செலுத்துகிறது. 25 ஓமில் அது சுமார் 1 வோல்ட். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் வோல்டேஜ் அளவு ஏறும், அதைப் பார்த்து எல்லோரும் விலகிக்கொள்வார்கள். ஒரு டெர்மினேட்டர் கழன்றுவிட்டால் தடை இரட்டிக்கிறது, வோல்டேஜும் இரட்டிக்கிறது. அப்போது தனியாக அனுப்பும் கணினிக்கே மோதல் நடந்ததுபோல் தெரியும். ஒரு மூலையில் கழன்ற மூடி அந்த செக்மென்ட் முழுவதையும் ஊமையாக்குவது இதனால்தான். மென்பொருளில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க, வரைபடத்தின் நடுவில் உள்ள டி-க்குப் போய் இரண்டு கேபிள்களையும் கழற்றித் தனித்தனியாக அளங்கள். நல்ல பாதி 50 ஓம் காட்டும், கெட்ட பாதி காட்டாது. கெட்ட பாதியின் நடுவுக்குப் போய் மறுபடியும் அதையே செய்யுங்கள். நீளமான செக்மென்டானாலும் சீக்கிரமே ஒரு துண்டுக்கேபிளில் வந்து நிற்பீர்கள்.

கேபிளின் வெளிக்கவசத்தை எர்த் செய்வதானால் ஒரே ஓர் இடத்தில் மட்டும். இரண்டு இடங்களில் எர்த் பட்டால், அவற்றின் மின்னழுத்த வித்தியாசம் கவசம் வழியே மின்னோட்டமாக ஓடும். டி கனெக்டர்களின் உலோகம் கணினிப் பெட்டியையோ மேசைக்காலையோ தொடாதபடி ரப்பர் உறை போடுங்கள்.

கார்டில் பிஎன்சி, ஆர்ஜே-45, 15 பின் ஏயுஐ என்று பல வாய்கள் இருந்தால், எது செயல்பட வேண்டும் என்பதை ஜம்பரிலோ, டாஸில் ஓடும் அமைப்பு நிரலிலோ தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அந்த ஏயுஐ வாய் பெரும்பாலும் 10பேஸ்5 என்ற தடித்த கேபிள் ஈதர்நெட்டுக்கானது: விரல் தடிமனுள்ள கேபிள், 500 மீட்டர் செக்மென்ட், 2.5 மீட்டருக்கு ஒரு குறி, அந்தக் குறிகளில் துளையிட்டு மாட்டும் டிரான்சீவர் (கேபிளில் சிக்னலை அனுப்பி வாங்கும் பெட்டி). அந்தக் கேபிளும் 50 ஓம்தான், மீட்டர் சோதனையும் இதேதான்.

ஒரு செக்மென்ட் போதாவிட்டால் ரிப்பீட்டர் வைத்து நீட்டலாம். இரண்டு கணினிகளுக்கு நடுவே 5 செக்மென்ட், 4 ரிப்பீட்டர், கணினிகள் மாட்டிய கோஆக்சியல் செக்மென்ட் 3 மட்டும் என்பது விதி. காரணம் நேரம்தான்: மிகச் சிறிய ஃபிரேம் (ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு) 64 பைட். 10 மெகாபிட் வேகத்தில் அதை அனுப்ப 51.2 மைக்ரோவினாடி ஆகும். அனுப்பி முடிப்பதற்குள் மோதல் செய்தி திரும்பி வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஃபிரேம் தொலைந்தது அனுப்பியவருக்கே தெரியாது. 10பேஸ்-டி (ஆர்ஜே-45 கேபிளில் ஓடும் ஈதர்நெட்) ஹப்புகளைச் சங்கிலியாகக் கோக்கும்போதும் 4 ரிப்பீட்டர் வரம்பை மறக்காதீர்கள். ஒவ்வொரு ஹப்பும் ஒரு ரிப்பீட்டர்.

இன்றைய நெட்வொர்க்கோடு சேர்க்க, பிஎன்சி வாயும் ஆர்ஜே-45 வாயும் உள்ள பழைய ஹப் ஒன்று போதும். ஹப்பின் பிஎன்சி வாயை டி வழியாகச் செக்மென்டில் சேர்த்து, ஆர்ஜே-45 பக்கத்தைச் சுவிட்சில் மாட்டுங்கள். மோதல்கள் சுவிட்சின் வாயோடு நின்றுவிடும். வாங்குமுன் சுவிட்ச் 10 மெகாபிட்டை ஏற்குமா என்று பாருங்கள், 2.5 ஜிகாபிட், 10 ஜிகாபிட் வாய்கள் பலவும் ஏற்பதில்லை. அந்த வாயை ஆட்டோவிலேயே விடுங்கள். மறுபக்கம் பழைய ஹப் என்று உணர்ந்து சுவிட்ச் தானாகவே ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் முறை) இறங்கும். வேகம் கிடைக்கும் என்று ஃபுல் டூப்ளெக்ஸை (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் முறை) கட்டாயப்படுத்தினால், சுவிட்ச் யாருக்கும் காத்திராமல் பேசத் தொடங்கும். பிங் போகும், பெரிய ஃபைல் நகலெடுத்தால் இழுத்துக்கொண்டே கிடக்கும். சுவிட்சில் அந்த வாயின் சிஆர்சி பிழை (கெட்டுப்போய் வந்த ஃபிரேம்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள். அது ஆட்டோவில்தான் இருக்கிறது என்றால், டி-யைக் கழற்றி மறுபடியும் ஓம் அளங்கள்.