குனூபிஜியைத் தொகுக்கும்போது பிழையை எங்கே தேடுவது

குனூபிஜி என்ற மறையாக்க மென்பொருளை மூல நிரலிலிருந்து தொகுக்கப்போய்ப் பாதியில் நின்றவர்கள் எனக்குத் திரையின் கடைசி வரியைத்தான் அனுப்புகிறார்கள். தேவையான லைப்ரரிகள் கிடைக்கவில்லை, மேலே உள்ள செய்திகளைப் பாருங்கள் என்று அந்த வரியே சொல்கிறது. மேலே பாருங்கள். எது இல்லை, எந்தப் பதிப்பு வேண்டும் என்பது அங்கே தனித்தனியாக இருக்கும்.

தொகுக்கும் வரிசையை மாற்ற முடியாது. முதலில் லிப்ஜிபிஜி-எரர் என்ற லைப்ரரி. லிப்ஜிகிரிப்ட், லிப்அசுவான், லிப்கேஎஸ்பிஏ மூன்றும் அதை நம்பி நிற்பவை. என்பிடிஎச் இவற்றில் எதையும் சாராதது. குனூபிஜி கடைசி. "லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறதே" என்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பது இயங்குவதற்கான பொதி மட்டும்தான். தொகுக்கத் தேவையான ஹெட்டர் கோப்புகள் 'டெவ்' அல்லது 'டெவெல்' என்று முடியும் வேறொரு பொதியில் வரும். நீங்களே புதிய லைப்ரரியைத் தொகுத்து நிறுவிய பிறகும், தொகுக்கும் முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் கட்டளை பழையதையே பிடித்துக்கொண்டால், புதியது இருக்கும் அடைவை அந்தக் கட்டளையிலேயே வெளிப்படையாகக் கொடுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் கன்ஃபிக்.லாக் கோப்பைத் திறங்கள். அதன் பின்பகுதி முழுக்க மாறிகளின் பட்டியல். பட்டியல் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே காரணம் கிடைக்கும். இன்னும் மேலே தெரியும் பல பிழைகள், இந்தக் கணினியில் எது உண்டு, எது இல்லை என்று கன்ஃபிகர் செய்து பார்க்கும் சோதனைகளின் விளைவு. அவற்றைத் துரத்த வேண்டாம்.

தொகுத்தாயிற்று, ஆனால் இயக்கினால் லிப்ஜிகிரிப்ட் கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறதா? நிரல் ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடர், நீங்கள் நிறுவிய இடத்தை அறியவில்லை. எல்டிடி கட்டளை எந்த லைப்ரரி தொலைந்தது என்று காட்டும். அந்த அடைவை லோடரின் பட்டியலில் சேர்த்து, எல்டிகன்ஃபிக் கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையுடன் ஓட்டுங்கள். புதிய கோப்பைக் கொண்டுபோய் இயங்குதளத்தின் சொந்த லைப்ரரிமீது எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். அதே லைப்ரரியை நம்பி வேறு நிரல்களும் ஓடுகின்றன.

அடுத்த சிக்கல் ஏஜென்ட், அதாவது சாவிகளைக் கையாளும் பின்னணி நிரல். குனூபிஜியின் முதன்மைக் கட்டளையான ஜிபிஜி புதியது, பின்னணியில் ஓடும் ஜிபிஜி-ஏஜென்ட் பழையது என்றால், சர்வர் (அதாவது ஏஜென்ட்) நம்மைவிடப் பழையது என்ற எச்சரிக்கை வரும். ஜிபிஜிகான்ஃப் கட்டளைக்குக் கில் ஆல் என்று கொடுத்தால் பழைய ஏஜென்ட் நிற்கும். அடுத்த முறை புதியது தானே எழும். கடவுச்சொல் கேட்காமலே தோற்றால், அதைக் கேட்கும் நிரலான பின்என்ட்ரியைப் பாருங்கள். அது தனி மென்பொருள், குனூபிஜியோடு வருவதில்லை. எஸ்எஸ்எச் வழியே நுழைந்தவர்கள் ஜிபிஜி_டிடிஒய் மாறியில் தங்கள் டெர்மினலின் பெயரைக் குறித்துவிட வேண்டும்.

சூடோ போட்டு, அதாவது ரூட் உரிமையுடன், ஜிபிஜியை ஓட்டாதீர்கள். அப்படி ஓட்டினால் உங்கள் சாவிகள் இருக்கும் அடைவுக்குள் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் உருவாகலாம். பிறகு உங்கள் சாவியையே உங்களால் படிக்க முடியாது. அந்த அடைவின் உரிமை 700 ஆக இருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிழைச் செய்தி தொல்லை தருகிறது என்பதற்காக மூல நிரலில் வரிகளை நீக்காதீர்கள். 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியின் பொதியைப் பராமரித்தபோது, சோதனைக் கருவி ஒன்றின் எச்சரிக்கையைப் போக்க அப்படிச் சில வரிகள் நீக்கப்பட்டன. அதன்பின் சாவி உருவாக்கத்தில் மிஞ்சிய சீரற்ற தன்மை, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் செயல்முறை எண் மட்டுமே. ஒரே வகைக் கணினியில், ஒரே வகை, ஒரே அளவுள்ள சாவிக்கு 32,767 சாத்தியங்கள்தான் இருந்தன. 2008 மே மாதம்தான் அது வெளியே தெரிந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டன, ஒழுங்காக ஓடின. மறையாக்க மென்பொருளில் எனக்குப் பயமே இதுதான்.

ஆகவே தொகுக்கும் மேக் கட்டளை முடிந்ததும், சோதனைகளை ஓட்டும் மேக் செக் கட்டளையைக் கொடுக்காமல் நிறுவாதீர்கள். லிப்ஜிகிரிப்டுக்கும் அது உண்டு. அங்கே ஒரு சோதனை தோற்றாலும் நிறுத்திவிடுங்கள். குனூபிஜியின் சோதனைகள் விசித்திரமாகத் தோற்றால், ஆழமான அடைவுக்குள் தொகுக்கிறீர்களா என்று பாருங்கள். லினக்ஸில், நிரல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் சாக்கெட் கோப்பின் பாதைக்கு 108 பைட்டுகள்தான் இடம். குட்டையான பாதைக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பிறகு ஒரு தற்காலிக அடைவில் சோதனைச் சாவி உருவாக்கி, ஒரு கோப்பை மறையாக்கி, திரும்ப விரித்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் உண்மையான சாவிகள் உள்ள அடைவைப் புதிய பதிப்பு தொடுவதற்கு முன் அதற்கு ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.